திருப்பிக் கொடுக்காத எல்.சி.

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். இருபத்தேழு வருஷமாக நெய்வேலி மைன்ஸில் எலக்ட்ரீஷியன். மண் வெட்டுகிற ராட்சத மெஷின்களில் நைட் ஷிப்டில் தனியாக ஏறி இறங்கியிருக்கிறேன், அங்கே என்னைக் கடித்ததெல்லாம் கொசுதான். மீட்டர் காட்டினால் கரன்ட் இருக்கிறது, காட்டாவிட்டால் இல்லை, இவ்வளவுதான் என் வேதாந்தம். அதனால் நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன். இதில் இன்னொரு கூத்து, இது ராத்திரியில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல் இரண்டரை மணி, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

தனசேகர் என் கூட்டாளி. ஒரே செக்‌ஷன், ஒரே ஷிப்ட், பக்கத்துப் பக்கத்து குவார்ட்டர்ஸ். அவனுக்குக் கார்ப் பைத்தியம். மற்றவர்கள் சேமித்து மனை வாங்கினார்கள், இவன் ஒரு பழைய சிவப்புக் காரை வாங்கி அதற்கு டர்போ மாட்டினான். பிறகு அதிலிருந்த ஈசியூவைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு ஒன்று வாங்கி வைத்தான். ஈசியூ என்றால் இன்ஜினின் மூளை. எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும், எப்போது பொறி தட்ட வேண்டும் என்று அதற்குள் ஒரு பெரிய கணக்கு அட்டவணை இருக்கும், அதைத்தான் மேப் என்பார்கள். தனசேகர் மூன்று மேப் எழுதினான். ஒன்று டவுனுக்கு, சாது. ஒன்று ஹைவேக்கு. மூன்றாவது முழு பவர், மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றையும் ஓட்டும்போதே மாற்றிக்கொள்ள டாஷ்போர்டில் ஒரு திருகு ஸ்விட்ச் வேண்டும் அல்லவா, அதற்கு அவன் வடலூர் பழைய இரும்புக் கடையில் ஒரு பேனல் ஸ்விட்சைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். ஆஃப், ஆர், ஒய், பி என்று நான்கு இடம். ரெட், யெல்லோ, ப்ளூ என்று மூன்று பேஸுக்கும் உள்ள நிற எழுத்து. மூன்று பேஸ் கரன்டோடு குடித்தனம் நடத்துகிற எங்களுக்கு ஆர், ஒய், பி என்பது பெற்ற பிள்ளைகளின் பெயர் மாதிரி. டவுன் மேப் ஆர், ஹைவே ஒய், முழு பவர் பி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரெசிஸ்டர், ஆர் என்றால் ஒரு வோல்ட், ஒய் என்றால் இரண்டு, பி என்றால் மூன்று. அதைப் பார்த்து ஈசியூ மேப்பை மாற்றிக்கொள்ளும். ஆஃப்பில் கம்பியே கிடையாது. அங்கே திருப்பினால் ஐந்து வோல்ட் காட்டும், ஈசியூவும் தகராறு பண்ணாமல் டவுன் மேப்புக்குப் போய்விடும். வயரிங் முழுசாக முடியும் முன்பே, அன்றைய வேலை முடித்து இறங்கும்போது குமிழை ஆஃப்பில் வைத்துவிட்டு இறங்குவது தனசேகரின் பழக்கம். தேவையே இல்லாத வேலை, நான் கிண்டல் பண்ணுவேன்.

அவனிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. மைன்ஸில் ஒரு மெஷினில் கை வைக்கும் முன் எல்.சி. வாங்குவோம், லைன் கிளியர், அதாவது கை வைக்க அனுமதி. கரன்டை நிறுத்தி, 'வேலை நடக்கிறது, ஸ்விட்ச் போடாதே' என்று சிவப்பு அட்டை தொங்கவிடுவோம். அட்டையில் பேரும் டோக்கன் நம்பரும் இருக்கும். யார் மாட்டினாரோ அவர்தான் கழற்ற வேண்டும். கழற்றும் முன் ஆட்கள் எல்லாம் வெளியே வந்தாச்சா, சாமான்கள் எல்லாம் எடுத்தாச்சா என்று எண்ணி, எல்.சி.யை ரிட்டர்ன் பண்ண வேண்டும். அடுத்தவன் அட்டையில் கை வைத்தவனுக்கு சார்ஜ் ஷீட் நிச்சயம். தனசேகர் இதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காரில் வேலை பார்த்தாலும் தன் பேர் எழுதிய சிவப்பு அட்டை ஒன்றை ஸ்டியரிங்கில் மாட்டிவிடுவான். பிளாக்கில் எல்லோரும் சிரிப்பார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டையை மாட்டி, ஸ்விட்சுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தவன், சாப்பிடக் கூப்பிட்டதும் உள்ளே போனான். சாப்பிட்டான். கொஞ்சம் நெஞ்சை அடைக்கிறது என்று படுத்தான். எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தோரு வயது. அதற்கப்புறம் பல நாள் எனக்கு ஷிப்ட் பஸ்ஸில் பக்கத்து சீட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எட்டு மாதம் கார் அப்படியே நின்றது. பிறகு குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டிய நாள் வந்தது. அவன் மனைவி மல்லிகா, குள்ளஞ்சாவடியில் தம்பி வீட்டோடு போவதாக முடிவு. மகள் கயலுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அப்பா காரை எடுத்துக்கொண்டுதான் போவேன் என்று அவள் ஒரே பிடி. பண்ருட்டியிலிருந்து ஒரு ஆள் காரை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். மல்லிகா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழம வூட்டக் காலி பண்றோம். பொண்ணு ரோட்ல போயிக்கினு இருக்கறப்ப எதனா ஆச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்? அவரையே வாரிக் குடுத்துட்டு நிக்கிறேன். நீங்க ஓட்டிப் பாத்து, ஒரு கோளாறும் இல்லன்னு உங்க வாயால சொல்லுங்க, அனுப்பறேன். இல்லன்னா பண்ருட்டிக்காரரு எடுத்துக்கினு போவட்டும்."

கயல் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை லீவ் போட்டு உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் அந்த அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, தூசி படிந்து. மைன்ஸாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன். கார்தானே என்று கழற்றி டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டேன். மிச்ச வயரிங்கை முடித்தேன், எல்லா வயர் முனையையும் புதிதாக இறுக்கினேன். ஆஃப் எதற்கு வீணாக என்று, குமிழ் அந்தப் பக்கமே போகாதபடி ஒரு ஸ்டாப்பர் ஸ்குரூ போட்டு, அதன் தலையில் மஞ்சள் பெயின்ட் ஒரு பொட்டும் வைத்தேன். யாராவது திருகினால் பெயின்ட் உடைந்து காட்டிக்கொடுக்கும். இந்த ஸ்குரூவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை, செகண்ட் ஷிப்ட் பஸ்கள் எல்லாம் போய் முடிந்த பிறகு, நானும் கயலும் காரை எடுத்தோம். மைன்ஸ் விரிந்து விரிந்து, ஓர் ஊர் காலியாகி, அந்த ஊருக்குப் போன தார் ரோடு மட்டும் பாதியில் நின்றுபோன இடம் ஒன்று உண்டு. நேர் ரோடு, ஈ காக்கை கிடையாது. முடிவில் ஒரு மண் கரை, அதற்கு அந்தப் பக்கம் மைன்ஸ் பள்ளம். அங்கேதான் ஓட்டினோம். நான் ஸ்டியரிங்கில், கயல் பக்கத்தில் லேப்டாப்போடு.

ஆர் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒய்யும் அப்படியே, இரண்டிலும் பாதி பெடலைத் தாண்டவில்லை. பிறகு பி. இதற்கு ஒரு முறை இருக்கிறது. எடுத்ததும் முழுசாக மிதிக்கக் கூடாது. பாதி பெடலில் மேப் நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெடலைத் தரை வரை அமுக்க வேண்டும். பாதி பெடல், கயல் "பி-ல நிக்குது அங்கிள்" என்றாள். சரி, இப்போது மிதிக்கலாம் என்று காலுக்குப் பலம் கொடுக்கப் போனேன். இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது.

"ஆர்-க்கு வந்துடுச்சு அங்கிள்."

"ஸ்விட்சத் தொட்டியா?"

"ரெண்டு கையும் லேப்டாப்ல இருக்கு. ஆஃப்னு காட்டுது. அஞ்சு வோல்ட்."

குமிழ் பி-யில்தான் இருந்தது. ஆஃப்புக்குப் போகவே முடியாது, ஸ்டாப்பர் போட்டவன் நான். லூஸ் கனெக்‌ஷன்தான், வேறென்ன என்று நிறுத்தி, வயரை உலுக்கினேன், இழுத்தேன், பாகத்துக்குப் பாகம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பவும் அதேதான். பாதி பெடல் வரை சமர்த்தாக நிற்கும், முழுசாக மிதிக்க நினைத்த நொடியில் இறங்கிவிடும், நானும் காலை எடுத்துவிடுவேன். மிதிக்க நினைத்த நொடியில் என்றுதான் சொல்கிறேன், மிதித்த பிறகு இல்லை. நாலாவது தடவை என் மீட்டரையே ஈசியூவில் ஸ்விட்ச் வயர் வந்து சேரும் பின்னில் கொக்கி போட்டு கயல் மடியில் வைத்தேன். மேப் இறங்கியது. லேப்டாப் ஐந்து வோல்ட் என்றது. அதே பின்னில் என் மீட்டர் மூன்று வோல்ட் என்று அசையாமல் நின்றது. ஏழு தடவை ஓட்டினோம். ஏழு தடவையும் இதே கதை. நம்பினால் நம்புங்கள்.

ரோட்டோர முந்திரி நிழலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். "கயல், ஸ்விட்சையே எடுத்துடலாம். ஆர் மட்டும் போதும் உனக்கு," என்றேன்.

"அது அப்பா கடைசியா தொட்ட வேலை அங்கிள்."

ஒரு இடத்தில் பொய் சொல்கிற ஸ்விட்ச் வேறு இடத்திலும் சொல்லும், அதை மாட்டி ஒரு பெண்ணை ஓசூர் வரை அனுப்ப என் வாயால் எப்படிச் சொல்வேன்? பண்ருட்டிக்காரனுக்குத்தான் இந்தக் கார் என்று மனதுக்குள் முடிவே பண்ணிவிட்டேன்.

கயல் முகம் துடைக்கத் துணி தேடி டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தாள். சிவப்பு அட்டை அவள் மடியில் விழுந்தது.

"இத யாரு அங்கிள் கழட்டுனது?"

"நான்தான்."

"எல்.சி. ரிட்டர்ன் பண்ணிட்டா கழட்டுனீங்க?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. அட்டையில் அவன் கையெழுத்தில் பேர், டோக்கன் நம்பர். எல்.சி. வாங்கியவன் ரிட்டர்ன் பண்ணாமலே போய்விட்டான். நானும் ஆளை எண்ணவில்லை, சாமானை எண்ணவில்லை, அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு லைனில் கரன்ட் விட்டிருக்கிறேன். என் செக்‌ஷனில் ஒருவன் இதைச் செய்திருந்தால் நானே அவனை அறைந்திருப்பேன்.

ஆர்-இல் மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தோம். தனசேகருக்குப் பன்னிரண்டு பை வைத்துத் தைத்த ஒரு கித்தான் சுருள் உண்டு, பைக்கு ஒரு சாமான். மல்லிகா அதை மூட்டை கட்டி வைத்திருந்தாள். அவிழ்த்து விரித்தோம். பதினொன்று இருந்தது. நோஸ் பிளையர் இருக்க வேண்டிய பை காலி.

"அது அப்பவே காணோங்கண்ணா," என்றாள் மல்லிகா. "எவனாவது எடுத்துக்கினு போயிருப்பான்னு நெனச்சேன்."

டார்ச்சை எடுத்துக்கொண்டு கார் தரையில் மல்லாந்து படுத்தேன். ஆக்சிலரேட்டர் பெடலுக்கு மேலே, உள்பக்கத் தகர விளிம்பில், வயர் கட்டுக்குப் பின்னால் அது இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டபோது அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எடுக்கும் முன் எனக்கு ஒரு யோசனை. பெடலைக் கையால் அமுக்கினேன். பாதி வரை ஒன்றும் ஆகவில்லை. தரை வரை அமுக்கினேன். பிளையர் வழுக்கி விழுந்து, பெடல் தண்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்தது. கையை எடுத்தேன். பெடல் மேலே வரவில்லை.

முழு பவர் மேப், தரையோடு சிக்கிய பெடல், முன்னால் அந்த மண் கரை, பக்கத்து சீட்டில் அவன் மகள். ஏழு தடவை. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

பிளையரைப் பன்னிரண்டாவது பையில் செருகினோம். கயல் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கார் முன்னால் நேராக நின்றாள். சின்ன வயதில் அப்பா சொல்லக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம்.

"ஆள் கிளியர். சாமான் கிளியர். எல்.சி. ரிட்டர்ன் பண்றேன்ப்பா."

மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "நானும் வரேன்," என்று தானே போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் அவள் அந்தக் காரில் ஏறியது அதுதான் முதல் தடவை.

அதே ரோடு, அதே வயர், ஒரு முனையைக்கூட நான் மாற்றவில்லை. பி-யில் வைத்தேன். பாதி பெடல். மேப் நிலையாக நின்றது. முழு பெடல். கார் சீறிக்கொண்டு போனது, லேப்டாப்பில் பி, மீட்டரில் மூன்று வோல்ட். பாதி ரோட்டிலேயே பெடலை விட்டு நிறுத்தினேன். பின்னாலிருந்து மல்லிகா, "யம்மாடி, இதுக்குத்தான் இம்மா நாள் அதுலயே வுழுந்து கெடந்தாரா அந்த மனுஷன்!" என்று சிரித்தாள். கயலும் சிரித்தாள். நல்ல சாயங்காலம் அது, இன்றைக்கு நினைத்தாலும் மனசு நிறைகிறது. ஒரு கோளாறும் இல்லை என்று என் வாயாலேயே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கயல் அந்தக் கித்தான் சுருளையும் காரில் போட்டுக்கொண்டு ஓசூருக்குக் கிளம்பிப் போனாள்.

ஏழு தடவை ஏன் இறங்கியது என்று விவரம் தெரிந்த நான்கு பேரிடம் கேட்டேன். எர்த் சரியில்லை என்றான் ஒருவன், சாப்ட்வேர் என்றான் இன்னொருவன். இருக்கலாம். அதையும் ஒத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

போன மாதம் காலையில் கயல் ஒரு போட்டோ அனுப்பினாள். ராத்திரி முழுக்கப் பூட்டி நின்ற காரின் டாஷ்போர்டு. குமிழ் ஆஃப்பில் இருக்கிறது. பக்கத்திலேயே என் ஸ்டாப்பர் ஸ்குரூ, தலையில் மஞ்சள் பொட்டு, ஒரு கீறல்கூட இல்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். அந்த ஸ்குரூ இருக்கும்போது குமிழ் அந்த இடத்துக்குப் போகவே முடியாது. உடனே போன் பண்ணி, வண்டியை எடுக்காதே, முதலில் சாமானை எண்ணு என்றேன். பன்னிரண்டும் இருந்தது. காரிலும் ஒரு குறையும் இல்லை. இது முதல் தடவை இல்லை, நிறுத்திவிட்டுப் போனால் பல நாள் இப்படித்தான் என்று அப்போதுதான் சொல்கிறாள்.

"அடுத்த தடவை ஊருக்கு வரப்ப அந்த ஸ்டாப்பரக் கழட்டிடவா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அங்கிள்," என்றாள் கயல், காரை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே. "அப்பாவுக்கு அது ஒண்ணும் தடையா இருக்கற மாதிரி தெரியலையே."