ரசமட்டத்தின் வலது பெருவிரல்

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று குமிழியை வைத்துச் சொல்லும் கருவிக்கு அந்தப் பெயர். இருபது வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறவரின் பையில் அந்தக் கருவி இருக்கும். அது வெளியே வந்து பார்த்தவர்கள் குறைவு. ஒட்டி முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது கால் பெருவிரலால் விளிம்புகளை வருடிக்கொண்டே நடப்பார். நூல் அளவு மேடு இருந்தாலும் விரல் நின்றுவிடும். விரல் நின்ற இடத்தில் டைல் பெயரும். மேல்முறையீடு கிடையாது.

அந்த நீதிபதிதான் நாலு மாதமாக வீங்கியிருந்தார். விரலின் அடிமூட்டு கொழுக்கட்டை மாதிரி புடைத்துக்கொண்டு, நடக்கும்போது ஒவ்வோர் எட்டுக்கும் ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்றது.

முதல் தீர்ப்பைச் சொன்னவர் மருந்துக்கடைக்காரர். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், மேஜைக்கு மேலே கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

"யூரிக் ஆசிட். கவுட்னு சொல்லுவாங்க. பீரும் கறியும் கூடிப்போனா நேரா அங்கதான் போய் உக்காரும்."

சொன்னதில் தப்பில்லை. சொன்ன நேரம்தான் தப்பு. இருமல் மருந்து வாங்க வந்த ரசமட்டத்தின் மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலை. நாலு வயசு என்று இடுப்பில் தூக்கி வரப்படும் எட்டு வயசுப் பிள்ளைகளை இருபதடி தூரத்திலேயே கண்டுபிடிப்பவர்.

ரசமட்டம் குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. விட்ட அன்று வீட்டில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அவர் தொடக் கூடாது. மனைவி கேட்கக் கூடாது. இரண்டு தரப்பும் இதுவரை வார்த்தை மீறவில்லை. இப்போதும் மனைவி கேட்கவில்லை. ஆனால் சாயங்காலம் கழற்றிப் போடும் சட்டை, வாஷிங் மெஷினுக்குள் போகும் வழியில் அவர் மூக்கருகே ஒரு நிமிஷம் நின்று போகத் தொடங்கியது.

ரசமட்டம் அதைப் பார்த்துவிட்டார். கோபம் வரவில்லை, குடைச்சல்தான் வந்தது. குடிக்கிறவனுக்கு வரும் வியாதி குடிக்காதவன் காலுக்கு எப்படி வழி கேட்டு வந்தது? அன்றிலிருந்து ஓய்வு நேரமெல்லாம் தன் விரலைத் திருட்டுப்போன வீட்டைப் போலீஸ் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மாமா, அது ராஜாக்களுக்கு வர்ற வியாதி. உங்களுக்கு ராஜ்யம் எங்க இருக்கு?" என்றான் மனைவியின் தம்பி.

"வியாதி வந்துருச்சுல்ல, ராஜ்யம் பின்னாடியே வரும்டா," என்றார்.

செருப்புக் கடைக்காரர், முனை குறுகலான செருப்பு விரலைச் சாய்த்து எலும்பைத் துருத்த வைக்கும் என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு பாதத்தையும் ஒரே டைல் விளிம்பில் வைத்துப் பார்த்தார். நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது விரல். ஆக, செருப்பு நிரபராதி. அடுத்த ஐயம் இன்னும் பெரியது. "கறியை ரெண்டு காலுக்கும் பொதுவாத்தானே சாப்பிட்டேன்? வலது கால் மட்டும் என்ன பந்தியில முந்திக்கிச்சா?"

மனைவி சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் சொல்லி எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்திருந்தது. யூரிக் ஆசிட், இருக்க வேண்டியதற்குக் கொஞ்சம் மேலே. மனைவி அந்தத் தாளை நாலாக மடித்து அலமாரியில் வைத்தார். அப்போதும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம். கேட்காத கேள்விக்கு எந்த வாயால் பதில் சொல்வது?

"எலும்பு டாக்டரம்மாகிட்ட போவோம். நாளைக்கு லீவு சொல்லிட்டேன்," என்றார் மனைவி.

"அந்தக் கிளினிக்கா? வேற எங்கயாவது போவோமே."

"ஏன்? அங்க என்ன?"

"ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்லை என்று வீட்டுக்காரர் சொன்னால் என்னமோ இருக்கிறது என்று அர்த்தம் என்பது டிக்கெட் கவுண்டரில் உட்காராதவர்களுக்கும் தெரியும்.

மறுநாள் டாக்டரம்மாவின் அறைக்குள் ரசமட்டம் சுவரோரமாகச் சுற்றிப் போய் உட்கார்ந்தார். டாக்டரம்மா விரலை மேல்பக்கமாக வளைத்தார். பாதி தூரம்கூடப் போகவில்லை. இவர் நாற்காலியை விட்டு எழும்பினார்.

"திடீர்னு ஒரு ராத்திரி சிவந்து வீங்குச்சா? போர்வை பட்டாக்கூடத் தாங்க முடியாம?"

"இல்ல டாக்டர். சுவத்துல ஓதம் ஏறுற மாதிரி மெதுவாத்தான் ஏறுச்சு."

"அடிபட்டுச்சா? காய்ச்சல், காயம்?"

எதுவும் இல்லை. கறிப் பந்தி வாதத்தையும் எடுத்து வைத்தார். அது செல்லாது, கவுட்டும் பெரும்பாலும் ஒரு காலில்தான் ஆரம்பிக்கும் என்று டாக்டரம்மா தள்ளுபடி செய்தார். பிறகு எக்ஸ்ரே வந்தது. வெளிச்சத்தில் மாட்டியதும் ரசமட்டம் எழுந்து கிட்டே போனார். இடது விரல் மூட்டில் இரண்டு எலும்புக்கும் நடுவே தெளிவான கோடு. வலதில் கோட்டைக் காணோம். மேலே எலும்பு உதடு மாதிரி பிதுங்கியிருந்தது.

"ஸ்பேசர் போடாம ஒட்டியிருக்கு," என்றார்.

"என்னது?"

"டைலுக்கு டைல் கொஞ்சம் இடம் விடணும் டாக்டர். அதுக்கு நடுவுல செருகுற பிளாஸ்டிக் துண்டு. விடலைன்னா சூட்டுல விரியறப்ப ஒண்ணையொண்ணு நெட்டும். போக இடமில்லாம மேல எழும்பும்."

"கிட்டத்தட்ட அதேதான். நடுவுல இருந்த குருத்தெலும்பு தேஞ்சிருக்கு. எப்படி உக்காந்து வேலை செய்வீங்க?"

செய்து காட்டினார். இடது பாதம் தரையில். வலது முழங்கால் கீழே. உடம்புப் பாரம் மொத்தமும் பின்னால் மடங்கிய வலது பெருவிரலில். "எட்டு மணி நேரம், டாக்டர்." கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் வேலை செய்யும் கோலத்தை மனைவி இன்றுதான் பார்த்தார்.

"அப்ப யூரிக் ஆசிட்?" என்றார் மனைவி.

"அது கொஞ்சம் கூடினவங்க எல்லாருக்கும் கவுட் வராதும்மா. சந்தேகம் வந்தா மூட்டுல நீர் எடுத்துப் பாத்துக்கலாம். இப்போதைக்கு இது தேய்மானம்."

அத்தோடு எழுந்திருக்கலாம். ஆனால் டாக்டரம்மாவின் பார்வை அவர் மண்டியிட்ட இடத்துக்கு ஓரடி தள்ளிப் போயிற்று.

"பாத்து எழுந்திரிங்க. அந்த டைல் மேல தூக்கிட்டு நிக்குது. போன வாரம்கூட இடிச்சு என் பெருவிரல் வீங்கிப்போச்சு. எந்தப் புண்ணியவான் போட்டானோ."

ரசமட்டம் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே மனைவியைப் பார்த்தார்.

"நான்தான் டாக்டர். ஏழு வருஷத்துக்கு முன்னாடி. அன்னைக்கு மத்தியானமே குடிச்சிட்டேன். அந்த மூலைக்கு ஸ்பேசர் போட்டேனான்னு நெனப்பே இல்ல."

மனைவி குனிந்து டைலின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்குத்தான் இங்க வரமாட்டேன்னீங்களா?"

"ம்."

"இதையே மறைக்காம சொல்லிட்டீங்க. அப்ப ஆறு வருஷமாத் தொடலைங்கறதும் நிஜந்தான்."

டாக்டரம்மா, கெட்டியான அடிப்பாகமுள்ள செருப்பும், வேலையில் உட்கார உருளை வைத்த குட்டி முக்காலியும் எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ரசமட்டம் அதே முக்காலியில் உருண்டு வந்து அந்த டைலைப் பெயர்த்து, இடம்விட்டு ஒட்டினார். இடது பெருவிரலால் வருடிப் பார்த்தார். அதற்குப் பழக்கம் போதாது என்று கடைசியில் பையைத் திறந்து கருவியையே எடுத்தார். ஆக இந்த விவகாரத்தில் ஐயத்துக்கே இடமில்லாமல் காரணம் தெரிந்தது டாக்டரம்மாவின் விரல் வீக்கத்துக்குத்தான்.

சாயங்காலம் வீட்டில் சட்டையைக் கழற்றிப் போட்டார். அது எங்கேயும் நிற்காமல் மெஷினுக்குள் போனது.