இருமலின் ஊர்

மலாவிக்குப் போன மூன்றாவது வாரமே இருமல் தொடங்கிவிட்டது. விறகுப் புகைதான் காரணம் என்று நினைத்தேன்.

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக ஒரு கிராமத்துப் பெண்கள் தாங்களே கூடி நடத்தும் பராமரிப்பு நிலையம் அது. காலையில் சோளக் கஞ்சி, பிறகு பாட்டு, எழுத்து. ஆக்லாந்தில் பாலர் வகுப்பு ஆசிரியையான நான் இரண்டு மாதம் உதவப் போயிருந்தேன். நாலு வயதுச் சிக்கோண்டி என் மடியை விட்டு இறங்கமாட்டாள். அவள் முகத்தருகே பாடினேன். இருமினேன்.

திரும்பி வந்ததும் ஆக்லாந்து, ஏவன்டேல் வீட்டில் ஒரு காலை சளியில் இரத்தம் கண்டேன். காசநோய் (காற்றால் பரவி நுரையீரலைத் தாக்கும் தொற்று) என்றார்கள். மருத்துவமனையில் தனியறை. ஒரே வாரத்தில் என் வீட்டாரையும் வகுப்புப் பிள்ளைகளையும் தேடிப் பரிசோதித்துவிட்டார்கள்.

கணவர் முகக்கவசத்தோடு வாசலில் நின்றார். "போகவேண்டாமெண்டு அப்பவே சொன்னனான். அந்தப் பிள்ளையளிட்டை இருந்துதான் தொத்தியிருக்கு."

அந்த நிலையத்துக்கு உதவிவந்த எங்கள் தமிழ் நண்பர் குழுவும் அப்படியே முடிவுகட்டியது. 'உங்கள் பிள்ளைகளால் நோய் பரவுகிறது, இனி யாரையும் அனுப்பமாட்டோம், கஞ்சிக்கு மாவும் அனுப்பமாட்டோம்' என்று கடிதம் போனது. நான் அதைத் தடுக்கவில்லை.

ஐந்தாம் வாரம், சென்னைக்காரரான மருத்துவர் என் மார்புப் படத்தைக் காட்டினார்.

"இந்தத் தழும்பு ரொம்பப் பழசு. சின்ன வயசுல பக்கத்துல யாருக்காவது டி.பி. இருந்துச்சா?"

"ஓம். சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்து முகாமிலை இருக்கேக்கை, பக்கத்துக் கூடாரத்திலை ஒராள் இருமி இருமியே செத்தவர்."

"அப்ப வந்ததாத்தான் இருக்கணும். கிருமியோட மரபணுவும் தெற்காசிய வகை, ஆப்பிரிக்க வகை இல்ல."

உறங்குநிலைத் தொற்று (கிருமி உள்ளே இருந்தும் நோயாகாத நிலை) என்று விளக்கினார். மலாவியில் நான் இருமத் தொடங்கியபோது அது விழித்திருக்கிறது.

"அப்ப, நான் அங்கை பிள்ளையளோடை இருந்தது?"

படத்தை இறக்கி வைத்தார். "அவங்களையும் டெஸ்ட் பண்ணணும்."

யார் பண்ணுவது? ஐந்து வாரமாக எங்களில் ஒருவரும் அங்கே ஒரு அழைப்புக்கூட எடுத்திருக்கவில்லை. நானும்தான்.

நிலையத்தை நடத்தும் எஸ்நாத்தை அழைத்தேன். சிக்கோண்டி மெலிந்து இருமுகிறாள் என்றார். மன்னிப்புக் கேட்டேன்.

"அதைப் பிறகு கேள். முதலில் எந்த மருந்து என்று சொல்."

தொற்றும் நிலை நீங்கி வீடு வந்திருந்த நான், அந்த வாரக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "நோயைக் கொண்டுபோனது நான். கடிதத்தை மாத்தி எழுதுங்கோ. பரிசோதனைக்கு வாகனம் ஒழுங்கு பண்ணுங்கோ."

"அக்கா, இதை வெளியிலை கதைக்காதேங்கோ," என்றார் ஒருவர். "எங்கடை ஆக்களைக் குறைவா நினைப்பினம்."

"அந்தப் பிள்ளையளைக் குறைவா எழுதேக்கை உங்கடை கை கூசேல்லையே?"

வாகனம் போனது. சிக்கோண்டி உட்பட மூன்று பிள்ளைகளுக்கு நோய் இருந்தது. மருந்து தொடங்க இன்னும் இரண்டு வாரம் ஆனது.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களே, யார் தந்தது என்று தேடுவதற்கு முன், யாருக்குப் போயிருக்கும் என்று தேடுங்கள்.

இந்த உடம்பை என்னுடையது என்றே நினைத்திருந்தேன். முகாம் அதற்குள் முப்பது வருடம் குடியிருந்திருக்கிறது. என் ஆறு மாத மருந்தின் கடைசி மாத்திரையை விழுங்கியபோது கணவர் கேக் வாங்கி வந்தார். அதை நான் வெட்டவில்லை. சிக்கோண்டிக்கு இன்னும் ஏழு வார மருந்து இருந்தது.