அக்கா காரில் இருந்த பென்டிரைவ்

கண்ணாடிக் கடையில் அவனுக்குப் பின்னறை வேலை. ஆளின் கருவிழி எங்கே நிற்கிறதோ, லென்ஸில் அந்த இடத்தில் ஒரு மசிப்புள்ளி வைத்து, பிரேமுக்குத் தக்கபடி ஓரத்தைத் தேய்ப்பான். புள்ளி கொஞ்சம் தள்ளிப்போனாலும் போட்டவருக்குத் தலைவலி. எட்டு வருஷத்தில் அப்படித் திரும்பி வந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேர் முகமும் அவனுக்கு இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் பாட்டுகளுக்குப் புள்ளி வைப்பான். கிளப்பில் டிஜே பாட்டு போடும்போது ஒன்று முடியுமுன்னே அடுத்தது அதனடியில் வந்து சேர வேண்டும். அதற்கு முதல் தட்டு எங்கே விழுகிறது, குரல் எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொரு பாட்டிலும் முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். தட்டு விழும் இடமெல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே கோடு போட்டுவிடும். ஆனால் ஆள் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்த பாட்டென்றால் அதற்குக் கணக்குத் தவறும். மனிதக் கை கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அந்தக் கோடுகளை அவன் ஒவ்வொன்றாக நகர்த்துவான். சில சமயம் ஒரு பாட்டுக்கே ஒரு சாயங்காலம் போய்விடும்.

“எல்லாரும் பாட்டைக் கேக்க வாங்குவாங்க. இவன் அறுத்துப் பாக்க வாங்குறான்” என்பாள் அக்கா.

மருந்துக் கம்பெனிக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கும் அக்காவுக்குக் காரில்தான் பாதி வாழ்க்கை. ஒருநாள் வந்து நின்றாள். “டேய், உன் பாட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள நான் அடுத்த ஆஸ்பத்திரிக்கே போயிடுறேன். ரெண்டு நிமிஷம் எவனோ ஆணி அடிக்கிறான். அதை வெட்டிட்டுக் குடு.”

டிரம்ஸ் மட்டும் வரும் அந்த ஆணி அடிக்கிற இரண்டு நிமிஷத்தில்தான் ஒரு பாட்டோடு இன்னொன்றைச் சேர்ப்பது. சொன்னால் புரியப்போவதில்லை. நாற்பது பாட்டின் தலையை வெட்டி, கார் பழையது என்பதால் பழைய முறையில் பார்மட் செய்த சின்னப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான்.

ஏழு வருஷமாக அவன் பாட்டுகளை அவனைத் தவிரக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

கிளப் மேனேஜர் கண்ணாடி வாங்க வந்தபோது, கல்லாவில் இருந்தவர் வாய் சும்மா இருக்கவில்லை; அவன் பாட்டு வேலையைச் சொல்லிவிட்டார். மேனேஜர் பின்னறைக்கே வந்துவிட்டார். “மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை, நாலுலேர்ந்து அஞ்சு. வழக்கமா போடுறவன் ஊரை விட்டே போறான். ஒரு தடவை பாப்பேன். சரியா வந்தா வாராவாரம் அந்த ஒரு மணி நேரம் உங்களுது. வரலைன்னா கண்ணாடி மட்டும் உங்ககிட்ட வாங்கிக்கறேன்.”

மூன்று வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பெரிய பென்டிரைவ் புதிதாக வாங்கி, இருநூறு பாட்டுக்கும் புள்ளி வைத்து, லேப்டாப்பில் போட்டுப் போட்டுப் பார்த்தான்.

ஞாயிறு மூன்றே முக்காலுக்குக் கிளப் மெஷினில் செருகினால், திரையில் ஒன்றுமே வரவில்லை. எடுத்தான், ஊதினான், மறுபடி செருகினான்.

“புதுசா தம்பி?” என்று எட்டிப் பார்த்தார் சவுண்டு பார்க்கிறவர். “நம்ம மெஷின் கிழவன். புது மாதிரி பார்மட்டைப் படிக்க மாட்டான். வேற இருக்கா?”

லேப்டாப் வீட்டில். வீடு ஒரு மணி நேர தூரத்தில். லென்ஸுக்கு இரண்டு முறை அளவு பார்க்கிறவன், இதற்கு இன்னொன்று எடுத்து வராமல் விட்டிருந்தான்.

அவன் போடுவதைக் கேட்க வந்த அக்கா ஓரத்து மேஜையில் உட்கார்ந்திருந்தாள். “அக்கா, கார் சாவி.”

“ஏன்டா, ஓடப் போறியா?”

“உன் பென்டிரைவ் வேணும்.”

கிழவன் அதைப் படித்துவிட்டான். நாற்பது பாட்டு, எல்லாம் தலை போனவை. கோடு இல்லை, புள்ளி இல்லை. முதல் பாட்டு முடிய, அடுத்ததை எங்கே விடுவது என்று அவன் வெறும் திரையில் தேடிக்கொண்டிருந்தான். கூடத்தில் ஒரு நொடி சத்தமே இல்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கையில் பட்டதை அழுத்தி அடுத்த பாட்டை ஓட விட்டான்.

முகங்களைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் கீழே பார்த்தான். முன்வரிசையில் ஒரு பெண்ணின் கால் தாளத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டில் டிரம்ஸ்காரர் முந்தினால் அதுவும் முந்தியது, பிந்தினால் காத்திருந்தது. அந்தக் கால் தரையைத் தொட்ட நொடியில் பழைய பாட்டை வெட்டி, அடுத்ததை விட்டான். குரல் நேராக வந்து விழுந்தது. யாரோ “ஓய்!” என்று கத்தினார்கள். பிறகு ஐந்து மணிவரை அவன் திரையைப் பார்த்ததே குறைவு.

“ரெண்டு எடத்துல இடிச்சுது” என்றார் மேனேஜர்.

“மூணு.”

அவர் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “அடுத்த ஞாயிறு வாங்க. பென்டிரைவ் ரெண்டா கொண்டு வாங்க.”

காரில் அக்கா பென்டிரைவைக் கேட்டு வாங்கிச் செருகினாள். பாட்டு எடுத்த எடுப்பில் பாடியது.

“ஆமா, யாரையோ விடாம பாத்துக்கிட்டே இருந்தியே. யாருடா அந்தப் பொண்ணு?”

“காலைத்தான் பாத்தேன்கா.”

“கண்ணாடிக் கடைக்காரன்டா நீ. ஒரு முகத்தைப் பாக்கத் தெரியலையா?”

யோசித்துப் பார்த்தான். பழுப்பு நிறச் செருப்பு, இடது வார் தளர்ந்திருந்தது. அதற்கு மேலே ஒன்றும் ஞாபகம் வரவில்லை.