மரத்த காலுக்கு உப்பு ஒத்தடம்

எலும்பைத் தட்டி நரம்பை நீவுகிறவனிடம் யாரும் முதலில் வருவதில்லை. தைலம், மாத்திரை, நேர்த்திக்கடன் எல்லாம் தீர்ந்த பிறகுதான் வருவார்கள். கை கால் மரத்து, எறும்பு ஊர்ந்து, எழுந்து நிற்கச் சுவரைப் பிடிக்கிற அன்பர்களே, உங்கள் அவஸ்தை எனக்குத் தெரியும். மலாக்காவில், காஜா பேராங்கில் என் வீட்டு முன்னறைதான் வைத்தியசாலை. ஒரு பாய், ஒரு பெஞ்சு, ஒரு எண்ணெய்க் கிண்ணம், அவ்வளவுதான்.

தலைக்கனம் வந்த கதை

ஜாலான் துக்காங் எமாஸிலிருந்து ஒரு தையல்காரர் வந்தார். வலது கையில் மூன்று விரல் மரத்து, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கழுத்தைத் தொட்டதுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. நாள் முழுக்கக் குனிந்தே கிடந்த கழுத்து. தினமும் தோளை நீவி, தலையை மெல்லத் திருப்பிவிட்டேன். ஒரு வாரத்தில் விரல் சரியாகிவிட்டது. மனுஷன் சும்மா இருந்தாரா? போகிற இடமெல்லாம் சொன்னார், கேட்டுக் கேட்டு நானும் நம்பித் தொலைத்தேன்: “ஆஸ்பத்திரிக்குப் போறவன் பைத்தியக்காரன். இவர் கையை வச்சாலே போதும்.”

சூட்டுக்கு எது அளவு

உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பது எனக்குக் கைவந்த வித்தை. எவ்வளவு சூடு என்பதற்கு, வருகிறவர் வாய்தான் அளவு. “போதும்” என்றால் எடுத்துவிடுவேன். பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாவுக்குத் தமிழ் வராது, தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டில் மலாய்தான். மூட்டை முட்டியில் படுவதற்கு முன்பே “சுக்குப், சுக்குப்” என்று நிறுத்திவிடுவார். சுக்குப் என்றால் போதும். ஒருநாள் நான் சிரித்ததும் மலாயில் சொன்னார்: “நான் நடக்க வந்தேன், வேக வரலை.”

மாணிக்கத்தின் பாதம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷம். நகராட்சித் தோட்டக்காரர் மாணிக்கம் வந்தார். இரண்டு பாதமும் மரத்து, செருப்பு கழன்றால்கூடத் தெரியவில்லை. மெர்டேக்கா என்கிற சுதந்திர நாள் ஊர்வலத்தில் தொழிற்சங்கக் கொடியை அவர்தான் தூக்க வேண்டுமாம். “எப்படியாச்சும் நடக்க வச்சிருங்க அண்ணே” என்றார்.

நரம்புப் பிடிப்பு என்று அடித்துச் சொன்னேன். வாய் ஓயாமல் தண்ணீர் கேட்டுக் குடித்தார். வெயில் என்று விட்டுவிட்டேன். மூட்டையை வைத்தேன். “சூடே தெரியலையே, இன்னும் வைங்க” என்றார். வைத்தேன். மரத்த காலிடம் போய் அளவு கேட்ட மடையன் நான். மூன்றாம் நாள் நொண்டாமலே நடந்து வந்தார். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்திருந்ததை அவர் மனைவிதான் பார்த்தாராம். மாணிக்கமோ எனக்கு நன்றி சொல்ல வந்திருந்தார்: “புண்ணு பெருசாத்தான் இருக்கு அண்ணே, ஆனா வலியே இல்ல. எல்லாம் உங்க கைராசி.”

ஊர்வல நாள்

அப்போதே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி என்றார்கள். கால் மரத்ததற்குக் காரணம் அதுதான். நரம்புப் பிடிப்புமில்லை, ஒரு மண்ணுமில்லை. புண் ஆறவில்லை, பாதத்தையே எடுத்துவிட்டார்கள்.

மெர்டேக்கா அன்று ஊரே படாங் திடலில் இருந்தது. நான் அவர் கட்டிலருகில் இருந்தேன். “எல்லாம் என்னாலதான் மாணிக்கம்” என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார்: “விடுங்க அண்ணே, போதும்னு நான்தானே சொல்லியிருக்கணும்.”

இப்போதெல்லாம் கால் மரத்ததென்று யார் வந்தாலும் தொடுவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன். எனக்குத் தொழில் மறந்துவிட்டது என்று கிளேபாங் வரைக்கும் பேச்சாம், பேசட்டும்.