மடைக்கல் அருகே நிற்கும் வண்டி

குருவம்மாள் அந்த வண்டியில் ஒருநாளும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்ததில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சீட்டின் விளிம்பில், யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்பது போல நிமிர்ந்தே இருப்பாள். சீட்டுக்குப் பின்னால் ஒரு காலி இடம் உண்டு. ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம். முன்பு பெட்ரோல் டேங்க் இருந்த இடம் அது. டேங்கைக் கழற்றிப் பின்பக்கம் மாற்றி மாதங்கள் ஆகியும் அங்கிருந்து வாடை போகவில்லை. அந்த இடத்தில் ஒரு கந்தல் துணியைக்கூட அவள் வைக்க விடமாட்டாள். அது அவிய இடம் என்பாள்.

அவிய என்றால் வேல்பாண்டி. அவள் புருஷன்.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு தென்னந்தோப்பு. வேல்பாண்டி ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட இருந்தவர்கள் ஊருக்கு வந்து மாடி வீடு கட்டினார்கள். இவர் தன் வயதைவிட மூத்த ஒரு பிக்கப் வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். நீண்ட மூக்கு, துருத்திய முன்விளக்கு, கதவைச் சாத்தினால் கோயில் கதவு சாத்துகிற சத்தம். அது தெருவுக்குள் வந்தால், "வேல்பாண்டி தேரு வருது, வடம் பிடிங்கலே" என்று கேலி செய்வார்கள். இளவட்டங்கள் அதன்மேல் சாய்ந்து நின்று ரீல்ஸ் எடுத்துக்கொள்வார்கள். அவருக்குப் பெருமை தாங்காது.

குருவம்மாளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். தோப்புக்குள்ளேயே, தென்னைகளுக்கு நடுவே. ஒரு மரத்தில் இடித்துவிட்டு அவள் அழுதபோது, "மரம் அழல, வண்டி அழல, நீ எதுக்குட்டி அழுத?" என்று சிரித்தவர்.

அந்த டேங்க் ஒன்றுதான் இருவருக்கும் நடுவில் வந்தது. அந்தக் காலத்து வண்டி. டிரைவரின் முதுகுக்குப் பின்னாலேயே டேங்க். மேட்டில் ஏறினால் உள்ளே பெட்ரோல் அலம்புகிற சத்தம் கேட்கும். வாடை தலைமுடியில் ஏறும், வேட்டியில் ஏறும், அவர் தொட்ட சோற்றுத் தட்டில்கூட ஏறும். பின்னால் மாற்றி வையுங்கள் என்று அவள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். செய்தவன் வைத்த இடத்தில்தான் அது இருக்கும் என்று அவர் பிடிவாதமாக நின்றார்.

மாசி மாதத்தில் ஒரு காலை. ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்குத் தேங்காய் ஏற்றிவிட்டு அவர் புறப்பட்டபோது மறுபடியும் அதே சண்டை. அன்றைக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"அப்போ அந்த டேங்கக் கட்டிக்கிட்டே எரிஞ்சு போங்க."

சொன்ன நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேல்பாண்டி அவளை ஒரு பார்வை பார்த்தார். எந்த நாளும் படி இறங்கும்போது "வாரேன்" என்று சொல்லாமல் போகாத மனிதர், அன்றைக்குச் சொல்லாமல் போனார்.

வழியில் ஒரு கண்மாய். வயலுக்குத் தண்ணீர் விடும் மடைக்கல் பக்கம் வண்டியை ஓரங்கட்டி, உள்ளே உட்கார்ந்தபடியே பீடி பற்ற வைத்திருக்கிறார். டேங்கின் ஏதோ ஒரு மூலையில் கசிவு. அந்த அடைத்த சின்ன அறைக்குள் ஆவி நிறைந்திருந்தது. வயலில் நின்றவர்கள் ஓடிவந்து கண்மாய்ச் சேற்றை அள்ளி அள்ளி வீசித் தீயை அணைத்தார்கள். வண்டி பிழைத்துக்கொண்டது. மதுரை ஆஸ்பத்திரியில் வாயைச் சுற்றிக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார் வேல்பாண்டி. பேச முடியவில்லை. கண்கள் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அது கோபப் பார்வையா, மன்னித்த பார்வையா என்று அவளுக்குப் புரிவதற்குள் அந்தக் கண்கள் மூடிவிட்டன.

சொல்லுங்கள், அப்படி ஒரு பார்வையை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படித் தூங்குவாள்?

வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். குருவம்மாள் கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் காமராஜிடம் கொண்டுபோய் விட்டாள். வேல்பாண்டியை அண்ணாச்சி அண்ணாச்சி என்று சுற்றி வந்தவன் அவன். புது டேங்க் ஒன்றை வண்டியின் பின்பக்கம், தளத்துக்கு அடியில் பட்டை போட்டு மாட்டினான். பெட்ரோல் ஊற்றும் வாயைப் பக்கப் பலகைக்கு வெளியே கொண்டுவந்து பூட்டு மூடி போட்டான். இறுக்கமான மூடி, காற்றுகூடப் புகாது. டேங்க் மூச்சு விடுவதற்குத் தனியாக ஒரு சின்ன ரப்பர் குழாயை டேங்கின் தலையிலிருந்து எடுத்து, பலகைக்கு உட்புறமாக மேலே ஏற்றி, குடைக்கம்பி போல வளைத்துக் கீழே பார்க்க விட்டான். இனி வாடை வெளியேதான் போகும், உள்ளே ஒரு சொட்டு வராது என்று சத்தியம் செய்தான்.

வண்டி கையில் வந்த அன்றைக்கு, அவன் டீ குடிக்கப் போயிருந்த நேரம், குருவம்மாள் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வண்டியில் கட்டினாள். திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேர்ச்சை. நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் அதே பேர் கொண்ட மலையின் பெருமாள். இந்த வண்டி என்னைச் சுமந்துகொண்டு உன் மலையடிவாரம் வந்து சேர்ந்தால், அவிய என்னை மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வேன், அங்கே வந்துதான் முடிச்சை அவிழ்ப்பேன் என்று வேண்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது.

தோப்புக்கும் வீட்டுக்கும் ஓடும்போது வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. தளவாய்புரம் வரை போய் வந்தாலும் இல்லை. ராஜபாளையத்தில் டேங்கை நிறைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் போனால் மட்டும், அந்தக் கண்மாய் வந்ததும் இஞ்சின் இருமும். நாலு முறை திணறும். மடைக்கல்லை ஒட்டி நின்றுவிடும். திரும்பி வரும்போது நிற்காது. போகும்போது மட்டும்தான். அவரும் போகும்போதுதான் போனார்.

முதல் தடவை நின்றபோது, பெட்ரோல் ஒழுகிவிட்டதோ என்று பயந்து மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. வெயிலில் வந்து செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்ததும் வேல்பாண்டி விடுவாரே, அதே பெருமூச்சு. குருவம்மாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மூடியைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பியது.

சந்தை நாட்களில் அவள் அழுதுவிட்டுப் பயணத்தைத் தொடர்வாள். மலைக்கென்று புறப்பட்ட நாளில் நின்றால் மட்டும் அப்படியே திரும்பிவிடுவாள். அவர் விடவில்லை, அவ்வளவுதான். புரட்டாசி பிறந்தது. சனிக்கிழமைகளில் சாலை முழுக்க மஞ்சள் உடுத்தி, துளசி மாலை போட்டு, கோவிந்தா கோவிந்தா என்று ஜனம் மலைக்கு நடந்தது. அவள் மட்டும் மடைக்கல்லோடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

காமராஜ் பம்பைப் பார்த்தான், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான், வடிகட்டியை மாற்றினான். டேங்கை மட்டும் அவன் பார்க்கவில்லை, அது அவன் கையாலேயே செய்தது. குருவம்மாளும் வண்டி நிற்கிறது என்றுதான் சொன்னாளே தவிர, மூடியைப் பற்றியோ பெருமூச்சைப் பற்றியோ மூச்சு விடவில்லை.

கொழுந்தன் ஐயாதுரைக்கு இது வாய்ப்பாகப் போய்விட்டது. அண்ணனின் வண்டி பொம்பளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தோப்பையும் வண்டியையும் நான் பார்த்துக்கொள்கிறேன், மதினி வீட்டில் இருக்கட்டும் என்று நாலு பேரை வைத்துப் பேசினான். அண்ணனே நடுரோட்டில் மறித்துச் சொல்லும்போது நான் என்ன தனியாகச் சொல்ல என்று கேட்டான். கடைசிப் புரட்டாசிச் சனிக்கிழமை மலைக்குப் போய்ச் சேராவிட்டால் சாவியைத் தந்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். அவளுக்கு வண்டி போவது பெரிதில்லை. அவர் கோபத்தோடேயே போய்விட்டார் என்று ஊர் முடிவு கட்டிவிடும், தானும் நம்பிவிடுவோம். அதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஐயாதுரை வாசலில் வந்து நின்றான். "சாவிய இடுப்புல சொருகாம கையிலயே வச்சுக்கிடுங்க மதினி. திரும்பி வந்து தேட வேண்டாம் பாருங்க."

குருவம்மாள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முதல் பஸ்ஸில் வந்திறங்கியிருந்த காமராஜ்தான் முன்சீட்டில் ஏறிக்கொண்டே, நீங்க வேணும்னா பின்னால ஏறிக்கிடுங்க, நின்னா தள்ளுறதுக்கு ஆள் வேணும் என்று ஐயாதுரையிடம் சொன்னான். அவன் ஏறவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டான்.

வழக்கம் போல டேங்கை நிறைத்தார்கள். நெடுந்தூரம் போனால் நிறைத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பது வேல்பாண்டியின் பட்டாளப் பழக்கம். அவள் அதை மாற்றவில்லை. கண்மாய் நெருங்கியது. முதுகுக்குப் பின்னாலிருந்து அந்த வாடை எழுந்து கழுத்தைத் தொட்டது. இஞ்சின் இருமியது. திணறியது. மடைக்கல் பக்கம் நின்றது.

காமராஜ் பானெட்டைத் தூக்கப் போனான். அவளோ பின்பக்கம் நடந்தாள். பூட்டைத் திறந்து மூடியைச் சுழற்றினாள். அந்த நீண்ட பெருமூச்சு வந்தது. காமராஜ் அப்படியே நின்றான். அவன் கை ரோமமெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவனும் அந்த மனிதர் தண்ணீர் குடித்ததைப் பார்த்தவன்தானே.

குருவம்மாள் கண்ணை மூடிக்கொண்டு டேங்கின் வாயருகே குனிந்து கேட்டாள். "இன்னும் கோவம் தணியலையா?"

காமராஜ் பானெட்டை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்தான். "அக்கா, எப்பவும் இப்படித்தான் மூச்சு விடுமா?"

"ஆமா. தொறந்தா விடுவாக. பொறவு கிளம்பும்."

"இத ஏங்கா எங்கிட்டச் சொல்லல?"

"புருசன் பொஞ்சாதி பேசிக்கிடுறத ஒங்கிட்ட எதுக்குப்பா சொல்லணும்?"

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். பிறகு அவன் குரல் மட்டும் கேட்டது. பலகைக்கு உள்ளே குழாயில் ஒரு துணி இறுகக் கட்டியிருக்கிறது, யார் கட்டியது என்று கேட்டான்.

"நாந்தான். பெருமாளுக்கு நேர்ந்த முடிச்சு. அந்த டேங்க்தானே அவியளக் கொன்னுச்சு, அதுலயே கட்டணும்னு பாத்தேன். தகரத்துல எங்க கட்ட? அந்தக் குழாய்தான் தோதா இருந்துச்சு. அவுந்துரக் கூடாதேன்னு பல்லால இழுத்துக் கட்டுனேன்."

காமராஜ் மண்ணோடு எழுந்து வந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தான்.

"எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை மட்டும் போட்டா எண்ணெய் இறங்குமாக்கா? காத்து உள்ள போக இன்னொரு ஓட்டை வேணும்ல. அந்த ஓட்டைதான் அந்தக் குழாய். நீங்க அதக் கட்டிப்புட்டீக. பெட்ரோல் இறங்க இறங்க உள்ள வெறும் வெற்றிடம். ஒரு கட்டத்துல இறங்க மாட்டாமப் பிடிச்சுக்கிடும். மூடியத் தொறந்தா காத்து உள்ள பாயுது. அந்தச் சத்தம்தான் இது."

"இங்கயே ஏன் நிக்கணும்?"

"ஒரே பங்க்ல வாய் முட்ட ரொப்புறீக. நெறஞ்ச டேங்க்ல காத்துக்கு எம்புட்டு எடம் இருக்கும்? சீக்கிரமே திணறிரும். அங்க ரொப்புனா இங்க வரத்தான் தாங்குது. அரை டேங்க்ல தளவாய்புரம் போனா நிக்கலைல்ல, கொறஞ்ச டேங்கோட திரும்பி வரும்போதும் நிக்கலைல்ல? அதான். அண்ணாச்சி நிறுத்தலக்கா. நீங்கதான் அது கழுத்தப் புடிச்சிருக்கீக."

கடைசி வார்த்தையைச் சொன்னதும் அவனுக்கே சங்கடமாகிவிட்டது. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தான். குருவம்மாளின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. வற்றிக் கிடந்த கண்மாயை ஒரு முறை பார்த்தாள், மடைக்கல்லைப் பார்த்தாள்.

"அப்போ இத்தனை நாளா அவிய இங்க இல்லையா?"

காமராஜ் பையில் பிளேடைத் தேடத் தொடங்கினான்.

இதுவரை அவர் கோபமாகவாவது இருந்தார். வாரம் தவறாமல் வந்து மறித்தார், பெருமூச்சு விட்டார். இப்போது அதுவும் இல்லை. ஒரு முறை இறந்தவர் அந்த இடத்தில் இரண்டாம் முறை இறந்தார். அவள் வண்டியின் பக்கப் பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். மலைக்குப் போகிற ஜனம் பார்த்துக்கொண்டே கடந்தது.

காமராஜ் பிளேடை எடுத்தபோது மட்டும் அவள் நிமிர்ந்தாள். சாமி முடிச்சில் இரும்பு படக்கூடாது, மலையடிவாரத்தில்தான் அவிழ்ப்பது என்றாள். அவன் யோசித்துவிட்டு மூடியை இறுக்காமல் ஒரு புரி தளர்த்தி வைத்தான். காற்று அதன் வழியாகப் போகும், தளும்பாமல் மெதுவாக ஓட்டுங்கள், இன்றைக்கு நான் பீடியைத் தொடமாட்டேன் என்றான்.

வண்டி கிளம்பியது. ஆண்டாள் கோபுரம் தெரிந்தது, கடந்தது. மலையடிவாரத்தில் ஜனத்துக்கு நடுவே ஒதுங்கி நின்றது. குருவம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே அடியில் நுழைந்தாள். முடிச்சு தூசியில் கறுத்து இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. அவிழ்ந்ததும் ரப்பர் குழாய் நசுங்கினபடியே இருந்து, பிறகு மெல்ல மெல்ல உருண்டு எழுந்தது. அவள் அதை விரலால் தடவிக் கொடுத்தாள். காசை உண்டியலில் போட்டாள். மன்னித்துவிட்டாரா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். சந்நிதியில் அது வாயில் வரவில்லை.

திரும்பும்போது காமராஜ் மூடியை இறுக்கிக் கொடுத்துவிட்டு மடவார் வளாகத்தில் இறங்கிக்கொண்டான். அவள் தனியாக வந்தாள். கண்மாய் வந்தது. இஞ்சின் இருமவில்லை. மடைக்கல் ஜன்னலோரம் நகரத் தொடங்கியது. அவள் கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது.

இறங்கிப் போய் மூடியைத் திறந்து காதை வைத்தாள். ஒன்றும் இல்லை. பெட்ரோல் வாடை, உள்ளே லேசாக ஒரு அலம்பல், அவ்வளவுதான். திறந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு மடைக்கல்லில் உட்கார்ந்தாள். சேறு வெடித்துக் கிடந்தது. எந்தக் கையளவு சேறு அவர்மேல் விழுந்ததோ என்று பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். வாயிலிருந்து வந்த வார்த்தையை, அதைத் திரும்ப விழுங்க முடியாமல் போன ராத்திரிகளை, ஆஸ்பத்திரிப் பார்வையை. பதில் இல்லை. இனி எந்த நாளும் வராது என்பதும் அப்போது அவளுக்குத் தெரிந்தது.

எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அன்னைக்கு நீங்க சொல்லாமப் போயிட்டீக. நானும் கேக்காம விட்டுட்டேன்," என்றாள் அந்தக் கல்லைப் பார்த்து. "நான் சொல்லிட்டுப் போறேன். வாரேன்."

மூடியைப் பூட்டிவிட்டு, மலையில் வாங்கிய துளசியைச் சீட்டுக்குப் பின்னால், அந்தக் காலி இடத்தில் வைத்தாள். அதையும் மீறிப் பெட்ரோல் வாடை வந்துகொண்டுதான் இருந்தது. இன்றைக்கும் வருகிறது.

வாசலில் ஐயாதுரை காத்திருந்தான். அவள் கையில் திருமண், நெற்றியில் நாமம். இருந்தும் அவன் கேட்டான், கண்மாய்ப் பக்கம் வண்டி நிற்கவில்லையா என்று.

"நின்னுச்சு," என்றாள் குருவம்மாள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே. "நாந்தான் நிப்பாட்டுனேன்."