என் காய்ச்சலும் அண்ணன் காலும்

பந்து உதைத்துச் சம்பளம் வாங்கியவன் எங்கள் ஜீவனஹள்ளித் தெருவில் என் அண்ணன் ஒருவன்தான். தொண்ணூறுகளின் நடுவில், பதினேழு வயதில், ஒரு தொழிற்சாலையின் கால்பந்து அணி அவனை எடுத்தது. முதலில் சோதனைக் காலம்; தேறினால் அங்கேயே நிரந்தர வேலை. அவன் இடது காலால் அடித்தால் கோல்கீப்பர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அதில் அவனுக்குத் திமிர், அவனைவிட எனக்கு.

பாழாய்ப்போன டைபாய்டு அந்த வருடமா எனக்கு வர வேண்டும்! நான் கண் திறக்காமல் கிடந்தபோது அம்மா மாதாவிடம் வேண்டிக்கொண்டாள்: பெண் பிழைத்தால், திருவிழா நவநாள் ஒன்பதும் பையன் செருப்பில்லாமல் சிவாஜிநகர் கோயிலுக்கு நடந்து வருவான். இருப்பதிலேயே உசந்ததைத்தான் மாதாவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம். எங்கள் வீட்டில் உசந்தது அவன் கால்தான்.

நான் பிழைத்துத் தொலைத்தேன்.

"என்னை என்ன, நேர்ந்துவிட்ட ஆடுன்னு நெனச்சியாம்மா?" என்று சிரித்துக்கொண்டே வேண்டுதல்காரர்கள் போடும் காவிச் சட்டை போட்டுக் கிளம்பினான். பாதி நவநாளில், கோயில் வாசல் கூட்டத்தில், கண்ணாடிச் சில்லு இடது பாதத்தில் ஏறியது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுங்க" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அவனும் மஞ்சளை அப்பிக்கொண்டு மிச்ச நாளும் நடந்தான். பாதியில் விட்டால் தங்கச்சிக்கு ஆகாதாம். கால் சீழ் பிடித்துப் பன் மாதிரி வீங்கிவிட்டது.

அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம் கோச் வந்து பார்த்தார். "ஏனப்பா, ஆடற காலையா இப்படிப் பண்ணிக்குவே? ஞாயித்துக்கிழமை மேட்ச். வேற பையனை எடுத்தாச்சு." அவர் போனதும் அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அம்மா வந்ததும், "போன மாசமே என்னைக் கழிச்சுட்டாங்கம்மா. ஆட்டம் பத்தலையாம். சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றான். நான் வாய் திறக்கப்போனேன். கண்ணாலேயே அதட்டினான்.

பிறகு ஆடுகோடிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். சாயங்காலம் அவன் விந்தி விந்தி உள்ளே வரும்போது எனக்குச் சோறு இறங்காது. போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவள் உட்கார்ந்து தின்கிறாளே என்று என்மேலேயே ஆத்திரமாக வரும்.

என் கல்யாணத்துக்கு முந்தின நாள், பூ தொடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா நிமிரவே இல்லை.

"தெரியும்டி. அன்னைக்கே அந்தக் கோச்சு பஸ் ஸ்டாப்புல என்னைப் பார்த்துச் சொல்லிட்டாரு. நான் நம்புனாத்தானே பிள்ளை மனசு ஆறும்? அதான் நம்புன மாதிரி இருந்துட்டேன். அவன் காலைக் கட்டிக்கிட்டு ஒரு தடவ அழக்கூட எனக்கு வழியில்லாமப் பண்ணிட்டானேடி."