அம்மா ஒட்டிய நாட்காட்டித் தாள்

நினைவு மலர்களில் மறைந்தவர்களைத் துணிச்சல் மிக்கவர்கள் என்று எழுதுவது வழக்கம். எங்கள் அம்மாவைப் பற்றி நான் அப்படி எழுதினால், இதைக் கையில் வாங்கும் நீங்களே சிரித்துவிடுவீர்கள். அம்மா பயந்தவர். மழைக்குப் பயந்தார், மலைக்குப் பயந்தார், பாடசாலை விட்டு நாங்கள் வரக் கொஞ்சம் தாமதித்தாலும் பயந்தார். அவருடைய ஓராண்டு நினைவு நாளில் அந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கூடவே, பல வருடங்களாக நீங்கள் நம்பிவரும் ஒரு கதையைத் திருத்தவும் வேண்டியிருக்கிறது. எழுதலாமா கூடாதா என்று தெரியாமல் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். "எழுதுக்கா. அம்மாவுக்கு மறைக்கிறதுதான் புடிக்காது" என்றான் தம்பி.

ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவராக அம்மா பிறந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டினார். அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, பத்து வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டியிருந்த லயத்தில் கடைசிக்கு முந்திய வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்குக் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார். மற்ற நாளெல்லாம் எங்கள் இருவருக்கும் எல்லாமே அம்மாதான்.

லயத்தின் பின்சுவருக்கும் மலைக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கும் அளவுக்குத்தான் இடம். எனக்கு ஒன்பது வயதான வருடம் அந்தச் சுவரில் ஒரு வெடிப்பு கண்டது. பென்சில் கோடு மாதிரித்தான் இருந்தது. அம்மா கோதுமை மாவைக் காய்ச்சி, அன்றைய நாட்காட்டித் தாளைக் கிழித்து, வெடிப்பின் குறுக்கே ஒட்டினார். "தாள் கிழிஞ்சா சொவரு நகருதுன்னு அர்த்தம். கிழிஞ்சா நம்ம கெளம்பிறணும்" என்றார். தினமும் விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் விளக்கைத் தூக்கிப் பிடித்து அந்தத் தாளைப் பார்ப்பார். மழைக்காலத்தில் எங்களை சுவெட்டரோடு படுக்க வைப்பார். செருப்புகள் தலைமாட்டில் இருக்கும். பிறப்புச் சான்றிதழ்கள் வைத்த பை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சுவருக்குப் பின்னால் சிறு கற்கள் உருளும் சத்தம், யாரோ நகத்தால் கீறுவது போலக் கேட்கும். அம்மா தூங்கவில்லை என்பது அவருடைய மூச்சிலேயே எனக்குத் தெரியும். அதனால் நானும் தூங்கமாட்டேன்.

இரண்டு தடவை தாள் கிழிந்தது. இரண்டு தடவையும் அம்மா லயம் முழுவதையும் எழுப்பி, எங்களைத் தோட்டப் பாடசாலைக்கு இழுத்துக்கொண்டு போனார். இரண்டு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு பக்கத்து வீட்டுச் செல்லையா மாமாவுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"என்னாங்க தங்கச்சி, இன்னைக்கி மல எத்தன மணிக்கி வருதாம்?"

"சிரிங்கண்ணே, சிரிங்க."

"இல்ல, ரத்தோட்ட பஸ்ஸுதான் நேரத்துக்கு வர்றதில்ல. மலையாச்சும் நேரத்துக்கு வருதான்னு பாப்பமே!"

லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வகுப்பறைத் தரையில் நாங்கள் சாக்கு விரித்துப் படுத்திருந்ததைக் காலையில் வந்த பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். நான் வகுப்புக்குள் நுழைந்தாலே, "மல வருது, மல வருது" என்று கத்துவார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு நான் படித்துக்கொண்டிருந்த வருடம் அது.

மூன்றாவது தடவை, நான்கு நாள் விடாமல் மழை. பாடசாலை பூட்டியிருந்தது. அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார். மத்தியானம் தம்பிக்குச் சோறு போடும்போது சுவரைப் பார்த்தேன். தாள் மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்திருந்தது. வெடிப்புக்குள் என் விரல் போனது.

அம்மாவைத் தேடி ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. கிழிந்த தாளைச் சுரண்டி எடுத்து அடுப்பில் போட்டேன். சட்டியிலிருந்த சோற்றை நசுக்கி, நாட்காட்டியில் மேலாக இருந்த தாளைக் கிழித்து அதே இடத்தில் ஒட்டினேன். இன்னொரு தடவை அந்த வகுப்பறையில் படுக்க முடியாது என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது.

மழை வலுத்ததால் மூன்று மணிக்கெல்லாம் அம்மா வந்துவிட்டார். கூடையை இறக்காமலே சுவரைப் பார்த்தார்.

"ஏழாந்தேதி தாள்தானே ஒட்டியிருந்தேன். இதுல பன்னெண்டு இருக்கு."

தேதியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அம்மா தாளின்மேல் கை வைத்தார். சோறு இன்னும் ஈரமாக இருந்தது. "பழைய தாள் எங்க புள்ள?" என்றார். என் கண் அடுப்புப் பக்கம் போனது. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பையை எடுத்தார், தம்பியை இடுப்பில் வைத்தார், என் கையைப் பிடித்து இஸ்தோப்புக்கு இழுத்து வந்து கத்தினார்:

"எம்புள்ள பாத்துச் சொல்லுதுங்க! தாளு ரெண்டா கிழிஞ்சி கெடக்காம்! இந்தத் தடவ நான் சொல்லல்ல, புள்ள சொல்லுது!"

கேலி பண்ணத்தான் செல்லையா மாமா வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். அம்மா என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்ற பயத்தில் நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன். மாமாவின் முகம் மாறியது. "புள்ள பயந்துபோய் அழுவுதுடி. அது பொய்யா அழும்? கெளம்புங்க எல்லாம்!" என்று தன் வீட்டுக்குள் திரும்பிக் கத்தினார். பத்து வீடும் பாடசாலைக்குக் கிளம்பியது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தோம். இடி நின்றுவிடும், அது நிற்கவில்லை. மறுநாள் பார்த்தபோது எங்கள் வீட்டோடு சேர்த்து ஆறு வீடுகள் இருந்த இடத்தில் சேறும் ஒரு பெரிய கல்லும் இருந்தன. ஓர் உயிரும் போகவில்லை.

பாடசாலை மண்டபத்தில் ஐந்து மாதம், அதன்பின் தகரக் கொட்டிலில் ஏழு வருடம். கொட்டிலில் மழை பெய்தால் பேச்சே கேட்காது. அம்மா இரத்தோட்டையில் மிளகும் கராம்பும் சுத்தம் செய்யும் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். கையில் அந்த வாசனை கடைசிவரை போகவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் படித்தோம். எனக்கோ ஊரெல்லாம் பெயர். லயத்தைக் காப்பாற்றிய பிள்ளை என்று காலைக் கூட்டத்தில் அதிபர் ஒரு கணிதப் பெட்டி பரிசளித்தார். அதைத் திறக்காமலே புத்தகப் பையின் அடியில் வைத்திருந்தேன்.

ஒருநாள் மலைத் தண்ணீர் விழும் பீலியில் குளிக்கும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அன்னைக்கி நாந்தான் தாள மாத்துனேன்."

"தெரியும். தலையத் தொவட்டு."

பிறகு துணி பிழிந்தபடியே சொன்னார்: "நான் கத்தியிருந்தா ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க. அதான் ஓம்பேரச் சொன்னேன். இனி எது கிழிஞ்சாலும் சொல்லிரு. நான் திட்ட மாட்டேன்."

எனக்காக மறைத்தாரா, அந்த மக்களைக் கிளப்புவதற்காகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. இரண்டும்தான் என்று சில நாள் நினைக்கிறேன்.

சென்ற வருடம் மாத்தளை ஆஸ்பத்திரியில் அம்மா படுத்திருந்தபோது, மின்விசிறிச் சத்தம் கேட்டாலே, "மழையா புள்ள?" என்பார். டாக்டர் என்னை வெளியே அழைத்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

"டாக்டர் என்னா சொன்னாரு?"

"ஒன்னும் இல்லம்மா. அடுத்த கெழம வீட்டுக்குப் போயிறலாமாம்."

அம்மா கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். அன்று அந்தத் தாளின்மேல் வைத்த அதே கை. கழுவிய முகத்தின் ஈரம் இன்னும் காய்ந்திருக்கவில்லை. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மாலையில் தம்பியை அழைத்து, பை எங்கே இருக்கிறது, எந்தச் சேலையை உடுத்த வேண்டும், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா கண்மூடும்வரை, அந்த மூன்று நாளும், நான் ஒருத்திதான் வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவரும் "ம், போவம்" என்றார். எனக்காகத்தான் அப்படிச் சொன்னார்.

எனக்கு இப்போது நான்கு வயதில் ஒரு மகள். அவள் சத்தமில்லாமல் விளையாடினால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். எங்கள் வாடகை வீட்டுக் குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே, ஒரு கோடு இருக்கிறது. அது பூச்சு வெடிப்புத்தான் என்று மேசன் சொல்லிவிட்டார். ஆனாலும் அதன்மேல் ஒரு நாட்காட்டித் தாள் ஒட்டியிருக்கிறேன். என் கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

அன்று பாடசாலைக் கதவைத் திறந்துவிட்ட அதிபர் அவர்களுக்கும், அம்மாவுக்கு வேலை கொடுத்த ஸ்டோர் ஹாஜியாருக்கும், இறுதி நாட்களில் அம்மாவைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், தள்ளாத வயதிலும் பாடைக்குத் தோள் கொடுத்த செல்லையா மாமாவுக்கும், வந்து எங்களோடு நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. செத்த வீட்டில் உங்களில் பலர் என் கையைப் பிடித்து, "அன்னைக்கி நீ இல்லாட்டி நாங்க இல்ல" என்றீர்கள். அந்த நன்றியை நான் வைத்துக்கொள்ள முடியாது. அன்று நான் மறைத்ததைப் பார்த்தது அம்மா.

அம்மா, தாள் கிழிந்துதான் இருந்தது. நான் மறைத்த இரண்டு தடவையும், சுவரிலும் ஆஸ்பத்திரியிலும்.